கொட்டிலில் நின்ற ஒஸ்ரின்

யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குச் செல்லும் வீதியிலே, கோப்பாயைக் கடந்தவுடன் எதிர்ப்படும் ஊர் நீர்வேலி. செம்மண்ணும் வாழைத் தோட்டமும் அதற்கு அழகு. குடாநாட்டின் ஏனைய ஊர்களைப் போலவே இங்கும், வளவின் பின்புறத்துக் கொட்டிலிலே பல்லாண்டுகள் அசையாது நிற்கும் பழைய மோட்டார் வண்டி ஒரு புதுமையன்று. ரயர்கள் தரையோடு அமிழ்ந்து, இருக்கைகளைக் கறையான் அரித்து நிற்கும் அத்தகைய வண்டியைக் காண்போர், உடையவரின் அசட்டையே காரணம் என எண்ணுதல் கூடும். அது பிழை. அந்த வண்டி நின்ற கதை நாட்டின் கதையோடு பிணைந்தது.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்தபின், பிரித்தானியத் தொழிற்சாலைகள் கடல்கடந்த விற்பனையை நாடி வண்டிகளைச் செய்தன. 1947இல் வெளிவந்த ஒஸ்ரின் ஏ 40, 1948இல் வந்த மொறிஸ் மைனர், 1954இல் வந்த ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் ஆகியன இலங்கைக்கும் வந்தன. யாழ்ப்பாணத்து வீதிகளில் நிலைபெற்றன. மணமகனை அழைத்து வந்ததும், நோயாளியை ஆசுபத்திரிக்குக் கொண்டு சென்றதும், சந்தியிலே வாடகைக்கு நின்றதும் அவையே. 1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் வண்டி இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. புதியது வாங்க வழியற்ற இடத்திலே பழையதைப் பழுதுபார்ப்பது ஒரு கலையாக வளர்ந்தது. யாழ்ப்பாணத்துக் கராச்சுக்காரரின் கைத்திறன் பெரிதும் அந்தத் தட்டுப்பாட்டின் பிள்ளை எனலாம்.

வண்டியின் இலக்கத் தகட்டையும் ஒருமுறை நோக்குதல் தகும். ஆங்கில எழுத்துகள் கொண்ட தகடு முற்பட்ட காலத்தது. 1957 தொடக்கம் பதிவான வண்டிகளுக்குச் சிங்களச் ‘சிறீ’ எழுத்து வழங்கப்பட்டது. 1958இலே, அவ்வாண்டுதான் தோன்றிய போக்குவரத்துச் சபையின் பஸ்கள் அவ்வெழுத்தோடு வடக்கே அனுப்பப்பட்டபோது எதிர்ப்பு மூண்டது. எழுத்துகள் தாரால் அழிக்கப்பட்டன. ஒரு சாண் தகட்டிலே அரசியல் இவ்வளவு இருந்தது.

1990 ஜூன் மாதத்தில் யுத்தம் மீண்டும் வெடித்தது. புகையிரதம் நின்றது, மின்சாரம் அற்றது, பெற்றோல் குடாநாட்டுக்குத் தடைப்பட்டது. சைக்கிள் தைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட காலம் அது. நேயர் பலர் அதனை மறந்திரார். அந்நாளிலேதான் முதுமையெய்திய ஒஸ்ரின்கள் மறுபிறவி எடுத்தன. பெற்றோல் எளிதில் ஆவியாகும். மண்ணெண்ணெயோ சூடேறினாலன்றி ஆவியாகாது. ஆதலால் ஒரு சிறு போத்தலிலே பொன்போலப் பேணிய பெற்றோலில் சில துளிகளைக் காபுறேற்றருள் விட்டு என்ஜினை முடுக்குவர். அது சூடேறிய பின்னர் மண்ணெண்ணெயைப் பாயவிடுவர். இழுத்த கலவையை ஏறத்தாழ ஏழில் ஒரு பங்காகவே நெருக்கும் பழைய என்ஜின் இதனைப் பொறுத்தது. மிகுதியாக நெருக்கும் புதிய என்ஜின்கள் தட்டுச் சத்தத்தோடு தடுமாறின. நாகரிக வண்டிகள் ஓய்ந்து நிற்க, பாட்டனார் காலத்து வண்டி வெண்புகை கக்கிக்கொண்டு ஓடிற்று. ஆனால் எரியாது எஞ்சிய மண்ணெண்ணெய் என்ஜின் எண்ணெயோடு கலந்து அதனை நீர்க்கச் செய்தது, தாங்கிகள் தேய்ந்தன, உள்ளே கரி படிந்தது. ஓடிய ஒவ்வொரு மைலுக்கும் வண்டி தன் உடம்பால் விலை கொடுத்தது.

1995 ஒக்டோபர் 17இல் தொடங்கிய இராணுவ நடவடிக்கை வலிகாமம் கிழக்கினூடாக முன்னேறிற்று. அம்மாத இறுதியில் மக்கள் இலட்சக்கணக்கில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சி நோக்கி நடந்தனர். எரிபொருளற்ற வண்டியை எவ்வாறு கொண்டு செல்வது? பூட்டிய வீட்டோடு அதுவும் நின்றது. 1996இல் மீண்டவர்களுக்கு முதலில் கூரை வேண்டியிருந்தது, கார் அன்று. 2002இல் கண்டி வீதி திறந்தபோது தெற்கிலிருந்து பழைய வண்டிகளை வாங்குவோர் வந்தனர். 2006இல் வீதி மூடி, 2009இல் மறுபடி திறந்தது. விற்றுவிடுவதா, திருத்துவதா என்னும் வினா இக்காலத்தில்தான் பல வீடுகளில் எழுந்தது.

திருத்துவதெனத் துணிந்தால் முதற் சோதனை கராச்சுக்குக் கொண்டுசெல்வதே. உடனே முடுக்கிப் பார்க்கும் ஆவல் எல்லார்க்கும் உண்டு. அந்த ஆவல் பொல்லாதது. துருப்பிடித்துச் சிக்கிய பிஸ்ரனை வலிந்து சுழற்றினால் உடைவு நேரும். பிளக்குகளைக் கழற்றி, துளை வழியே எண்ணெய் விட்டு, சில நாள் பொறுத்து, முன்புறத்துக் கைக்கம்பியால் மெல்ல அசைத்துப் பார்ப்பதே முறை. பிறேக் கட்டைகள் பீப்பாயோடு ஒட்டியிருக்கும். அவற்றைத் தட்டி விடுவிக்கவேண்டும். ஜக்கை எவ்விடத்தில் வைப்பது என்பதும் சிறு வினாவன்று: உப்புக்காற்றாலும் மாரி ஈரத்தாலும் அடித்தகடு உக்கியிருப்பின், ஜக் உயரும், வண்டி உயராது. பின்பு இரவல் சில்லுகளைப் பூட்டி, லான்ட்மாஸ்ரரில் கயிறு கட்டி, ஸ்ரியறிங்கிலே ஒருவர் இருக்க, பின்னால் நாலுபேர் தள்ள, வண்டி ஒழுங்கை கடந்து வீதிக்கு ஏறும்.

கராச்சிலே இன்னொரு பொறி காத்திருக்கிறது. இக்கால வண்டிகளிலே பற்றரியின் மறைமுனை உடலோடு இணைக்கப்படும். அக்கால ஒஸ்ரினிலோ நேர்முனை. அறியாது மாற்றிப் பூட்டினோர் உளர்.

உதிரியுறுப்புகளுக்கு இந்நாட்டிலேயே வழி உண்டாயிற்று. மொறிஸ் மைனருக்கான உறுப்புகளைக் காலியில் செய்து இங்கிலாந்துக்கே அனுப்பியமை நினைக்கத்தக்கது. கடினமானது வேறு. வண்டியைத் தொழிற்சாலையிலிருந்து வந்த நாளுக்குத் திருப்புவதாயின், மண்ணெண்ணெய்க்காகச் செய்த மாற்றங்களையும் தாரின் கறையையும் அகற்றவேண்டும். அகற்றினால், பேர்மிங்காமில் பிறந்த வண்டி மிஞ்சும்; யாழ்ப்பாணத்தில் வாழ்ந்த வண்டி போய்விடும். தேய்ந்த தாங்கியை மாற்றுவது தகும். ஒட்டுப்போட்ட குழாயையேனும் ஒரு பெட்டியில் எடுத்து வைப்பது நன்று. என்ஜினின் அடியிலுள்ள அடைப்பைக் கழற்றும்போது, கரிய எண்ணெயோடு மண்ணெண்ணெய் மணமும் இறங்குவதுண்டு.