சுகரும் ராஜினாமாவும்

சங்கப் பொறுப்பை நான் விட்டபோது தோழர்கள் பேசிக்கொண்டது: "பாவம், சுகருப்பா அவருக்கு." சேரியின் சுடுகாட்டுப் பாதைக்கான தீர்மானத்தை மூன்று முறை தள்ளிப்போட்டார்கள். அதுதான் காரணம். அதைக் கேட்க ஆளில்லை.

அம்பேத்கருக்கும் இதே நோய்தான். 1951 ஆகஸ்டில் நேருவுக்கு எழுதினார்: உடல்நிலை கவலை தருகிறது, மருத்துவர்கள் கையில் என்னை ஒப்படைக்குமுன் இந்துச் சட்ட மசோதாவை முடித்தாக வேண்டும். செப்டம்பரில் நான்கு பிரிவுகளோடு மசோதாவை நிறுத்தினார்கள். ராஜினாமா செய்தார். காரணங்களை வரிசையாக வைத்த அந்த அறிக்கையிலேயே, நோய்க்காக நான் போகவில்லை என்றும் சேர்த்து எழுத வேண்டியிருந்தது அவருக்கு. நோயாளியின் கோபத்தையும் நோயின் கணக்கிலேயே எழுதிவிடுவார்கள் என்பது தெரிந்தவர்.

நேற்று ஒரு தோழர் கேட்டார்: "பாத்தா நல்லாத்தானே இருக்கீங்க?" என் கால் எரிச்சலை அவர் எங்கே பார்ப்பார்.

"இருக்கேன் தோழர். பாதை என்னாச்சு?"