கத்தரிக்கோலா, ரோட்டரி கட்டரா?

அம்மா முப்பது வருஷமாக பிளவுஸ் தைக்கிறார். போன வருஷம் கட்டைவிரல் மூட்டில் வலி வந்தது. "கத்தரியப் பிடிக்கவே முடியலடா, தையல விட்டுடலாம்னு பாக்குறேன்" என்றார். ரோட்டரி கட்டர் வாங்கிக் கொடுக்கலாமா என்று தேடப் போய், வழக்கம்போல வரலாற்றுக்குள் மாட்டிக்கொண்டேன்.

முதலில் சிக்கல் என்னவென்று பார்ப்போம். கத்தரிக்கோலின் கீழ்த்தகடு துணிக்கு அடியில் போயாக வேண்டும். போனால் துணி மேஜையை விட்டுத் தூக்கும், தூக்கினால் நகரும். சாக் கோடு சரியாக இருந்தாலும் வெட்டு விலகிவிடும். பருத்தியில் அவ்வளவாகத் தெரியாது, ஷிஃபானில் மானம் போய்விடும்!

நடுவில் ஆணி வைத்த கத்தரிக்கோல் ரோமானியர் காலத்திலேயே உண்டு. ஆனால் டெய்லர் கத்தரியின் பிடி மேல்நோக்கி வளைந்திருக்கிறதே, கவனித்திருக்கிறீர்களா? கீழ்த்தகடு மேஜையை ஒட்டியே போகட்டும் என்பதற்குத்தான் அந்த வளைவு. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் நியூவார்க்கில் இருந்த ரோக்கஸ் ஹைனிஷின் பட்டறை இவ்வகைக் கத்தரிகளுக்குப் பேர்போனது. 1967-ல் ஃபின்லாந்தின் ஃபிஸ்கார்ஸ் நிறுவனம் ஆரஞ்சு நிற பிளாஸ்டிக் பிடியைக் கொண்டுவந்தது. எடை குறைந்தது, பிடி விரலுக்கு வாகாக அமைந்தது. ஆனாலும் துணி கொஞ்சம் தூக்கத்தான் செய்தது. ஒவ்வொரு வெட்டுக்கும் விரலை அழுத்தித்தான் ஆகவேண்டும்.

அடுத்த திருப்பம் ஜப்பானில். ஒசாகாவைச் சேர்ந்த யோஷியோ ஒகாடா, மழுங்கிய நுனியை சாக்லேட் துண்டு மாதிரி உடைத்துப் போடும் கத்தியை 1956-ல் கண்டுபிடித்தவர். அவருடைய ஒல்ஃபா நிறுவனம் 1979-ல் துணி வெட்டுவதற்காக ரோட்டரி கட்டரை வெளியிட்டது. வட்ட பிளேடு துணியின் மேலேயே உருளும், அடியில் எதுவும் நுழையாது, துணி தூக்காது. விரலை மடக்கி விரிக்கும் வேலையும் இல்லை.

வேடிக்கை என்னவென்றால், ஆடை தைப்பவர்களுக்காக வந்த இந்தக் கருவியை விழுந்து விழுந்து வாங்கியவர்கள் துண்டுத்துணிகளை இணைத்து கில்ட் தைப்பவர்கள். காரணம் எளிது. அவர்களுக்கு வேண்டியது நேர்க்கோடு. ஸ்கேலை வைத்து உருட்டினால், நாலைந்து மடிப்பு ஒரே இழுப்பில் வெட்டுப்படும். பிளவுஸிலோ கழுத்து, கைக்குழி எல்லாமே வளைவு.

அம்மாவுக்கு 45 மி.மீ. கட்டரும், அடியில் விரிக்க மேட்டும் வாங்கினேன். ஒரே வாரத்தில் போன் வந்தது. "என்னடா இது, கணக்கு வெச்சு அங்கங்க நூல் வெட்டுப்படாம நிக்குது?" அளந்து பார்க்கச் சொன்னேன். சரியாக 14 செ.மீ.க்கு ஒருமுறை. 45-ஐ 3.14-ஆல் பெருக்கினால் 141 மி.மீ., அதாவது பிளேடின் ஒரு சுற்று. குண்டூசி மேல் ஏற்றி விளிம்பில் பல் விழ வைத்திருக்கிறார்! கத்தரி என்றால் சாணை பிடித்துக்கொள்ளலாம், இதில் பிளேடையே மாற்ற வேண்டும்.

இப்போது முதுகுப் பட்டி, லைனிங், பாவாடை மாதிரி நேர்வெட்டெல்லாம் கட்டரில். கழுத்துக்கும் கைக்குழிக்கும் பழைய கத்தரிதான். வலி முழுசாகப் போகவில்லை. ஆனால் தையலை விடுகிற பேச்சை அம்மா அப்புறம் எடுக்கவில்லை.