உலக விவகார மாநாடு

உலக விவகார மாநாடு என்பது அமெரிக்காவின் போல்டர் நகரிலுள்ள கொலராடோ பல்கலைக்கழகத்தில் ஏப்ரல் மாதத்தையொட்டி ஏறத்தாழ ஒரு வாரம் நடந்துவந்த பொது விவாத, கலை நிகழ்வு. 1948-இல் சமூகவியல் பேராசிரியர் ஹோவர்ட் ஹிக்மன் இதைத் தொடங்கி, நாற்பதாண்டுகளுக்கு மேல் நடத்தினார். தொடக்கத்தில் பன்னாட்டு அரசியலே பொருளாக இருந்தது. பின்னர் அறிவியல், ஊடகம், இசை, திரைப்படம் என விரிந்து, பெயர் சுட்டும் எல்லையைக் கடந்தது.

கட்டுரை வாசிப்பு இங்கு வழக்கமாக இருந்ததில்லை. பல துறையினர் ஒரே மேடையில் அமர்ந்து பேசினர். தம் துறைக்கு வெளியே உள்ள தலைப்பிலும் பேசவேண்டி வந்தது. நுழைவுக் கட்டணம் இருக்கவில்லை. பேச்சாளர்கள் மதிப்பூதியமின்றி, சொந்தப் பயணச் செலவில் வந்து உள்ளூர்க் குடும்பங்களின் வீடுகளில் தங்குவது நெடுங்கால மரபாக இருந்தது. பல்கலைக்கழகத்தின் மேக்கி அரங்கில் ஜாஸ் கச்சேரியும் நடைபெற்றது.

மாநாட்டின் தனித்தன்மை மிக்க பகுதி, திரை விமர்சகர் ரோஜர் ஈபர்ட் 1970களில் தொடங்கிய திரைப்பட அமர்வு. முதல் நாள் படம் முழுமையாகத் திரையிடப்பட்டது. அடுத்தடுத்த நாள்களில் அதே படம் காட்சி காட்சியாக ஓடியது. பார்வையாளர் எவரும் ‘நிறுத்து’ எனக் குரல் கொடுக்க முடிந்தது. உடனே படம் நிற்க, அந்தச் சட்டகத்தின் ஒளி, நடிகர் நிற்கும் இடம், கேமராக் கோணம் ஆகியவை விவாதிக்கப்பட்டன. இரண்டு மணி நேரப் படத்தை இவ்வாறு பார்த்து முடிக்கப் பல நாள்கள் ஆயின. மின்னஞ்சல் குப்பை விளம்பரங்கள்வழி எதையும் வாங்குவதில்லை என்னும் ‘போல்டர் உறுதிமொழி’யை ஈபர்ட் 1996-இல் இம்மாநாட்டில்தான் முன்வைத்தார்.