பெயர் சொல்லி அழும் உரிமை



வீட்டில் ஒருவர் இறந்தால் நாம் பெயர் சொல்லி அழுகிறோம். பூசைக்குப் பெயர் கொடுக்கிறோம். கல்லறைத் திருநாளில் பெயர் பொறித்த கல்லைக் கழுவி மெழுகுதிரி ஏற்றுகிறோம். இந்த ஆறுதல்கூட மறுக்கப்பட்டவர்களின் வரலாற்றை இன்று சிந்திப்போம்.

1981 ஜூன் 5 அன்று, லாஸ் ஏஞ்சலீஸ் நகரில் ஐந்து இளைஞர்களுக்கு அரிய வகை நிமோனியா கண்டிருப்பதாக அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அறிவித்தது. எய்ட்ஸ் பற்றி வெளியான முதல் அறிக்கை அது. அந்நாட்டில் முதலில் பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் ஒருபால் ஈர்ப்புடைய ஆண்கள். ஆகவே நோயோடு பழியும் சேர்ந்துகொண்டது. மருத்துவமனைகளில் உணவுத் தட்டை அறை வாசலிலேயே வைத்துவிட்டுப் போனவர்கள் உண்டு. உடலை அடக்கம் செய்ய மறுத்தவர்கள் உண்டு. 'நீண்ட நாள் நோய்' என்று மட்டும் மரண அறிவிப்பில் எழுதிய குடும்பங்கள் உண்டு. இரவும் பகலும் உடனிருந்து பார்த்த துணைவரின் பெயர் அந்த அறிவிப்பில் பல நேரங்களில் இருக்கவில்லை.

1985 நவம்பர் 27 அன்று சான் பிரான்சிஸ்கோவில் ஒரு மெழுகுதிரிப் பேரணி நடந்தது. எய்ட்ஸ் நோயால் இழந்தவர்களின் பெயர்களை அட்டைகளில் எழுதுமாறு கிளீவ் ஜோன்ஸ் என்ற சமூகச் செயல்பாட்டாளர் கேட்டார். அந்த அட்டைகளை அரசுக் கட்டடத்தின் சுவரில் ஒட்டினார்கள். தள்ளி நின்று பார்த்தபோது, பல துண்டுகளைச் சேர்த்துத் தைத்த போர்வை போல அவருக்குத் தெரிந்தது. அங்கிருந்து பிறந்ததுதான் எய்ட்ஸ் நினைவுப் போர்வை. ஒவ்வொரு துண்டும் 3 அடி அகலம், 6 அடி நீளம். ஏறக்குறைய ஒரு கல்லறையின் அளவு. தாய்மார் மகனின் சட்டையை வெட்டித் தைத்தார்கள். நண்பர்கள் நண்பர்களுக்காகத் தைத்தார்கள். தைத்தவர்களில் பலர் தாங்களே எச்.ஐ.வி.யோடு வாழ்ந்தவர்கள். பின்னாளில் அவர்களுக்கும் பிறர் தைக்க வேண்டி வந்தது.

1987 அக்டோபர் 11 அன்று வாஷிங்டன் நகரின் பெருந்திடலில் 1,920 துண்டுகள் விரிக்கப்பட்டன. இறந்தவர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக உரக்க வாசிக்கப்பட்டன.

திருச்சபையிலும் தொட்டு அணைத்த கைகள் இருந்தன. 1985ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்தின நாள், அன்னை தெரேசா நியூயார்க்கில் எய்ட்ஸ் நோயாளிகளுக்காக ஓர் இல்லம் திறந்தார். 1987 செப்டம்பரில் சான் பிரான்சிஸ்கோவுக்கு வந்த திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், இந்நோய் கண்ட ஒரு சிறுவனை வாரி அணைத்துக்கொண்டார்.

நம் நாட்டில் இந்தக் கிருமி முதன்முதலில் கண்டறியப்பட்டது சென்னையில்தான். 1986ஆம் ஆண்டு, மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் செய்த ஆய்வில். இங்கேயும் மருந்தில்லாத ஆண்டுகள் இருந்தன. 1996இல் கூட்டு மருந்து முறை வந்தது. 2004 முதல் நம் அரசு மருத்துவமனைகளில் அது இலவசமாகக் கிடைக்கிறது. தவறாமல் மாத்திரை உண்பவர் இன்று பிள்ளைகளை வளர்த்து, பேரப்பிள்ளைகளையும் பார்க்கிறார். ஆனால், 'யாராவது பார்த்துவிட்டால்?' என்ற அச்சத்தில் பரிசோதனைக்கே போகாமல் காலம் கடத்துகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, நம் வாய்க்குப் பயந்து ஒருவர் இறந்தால் அந்தச் சாவுக்கு நாமும் பொறுப்பாளிகள் அல்லவா?

உயிரோடு இருப்பவரின் நோயை வெளியே சொல்வது நம் வேலையல்ல. அவர் சொல்ல விரும்பும்போது முகம் சுளிக்காமல் கேட்பதே நம் வேலை. இறந்தவரின் பெயரையோ நாம் மறைக்க வேண்டியதில்லை. டிசம்பர் 1 உலக எய்ட்ஸ் நாள். நம் வீட்டில் பல ஆண்டுகளாக யாரும் உச்சரிக்காத ஒரு பெயர் இருந்தால், அன்று பூசைக்குக் கொடுப்போம். எப்படி இறந்தார் என்று சொல்லத் தேவையில்லை. பெயர் மட்டும் போதும்.