ஏட்டுப்படியும் வருடிப்பொறியும்

குழித்துறைக்கு அணித்தாகிய சிதறால் மலையில் வட்டெழுத்துச் சாசனங்கள் உள. இத்தகைய சாசனங்களை ஆராயப் புகுவோர், நனைத்த தாளைக் கல்லின்மேற் பரப்பித் தூரிகையால் அடித்து, மையொற்றிப் படியெடுப்பது வழக்கம். மூலத்தை அதன் இடத்தே விடுத்து வடிவை மட்டும் கொணரும் இம்முறையை, ஸ்கேனர் என வழங்கும் வருடிப்பொறிக்கு மூத்த உறவெனல் தகும்.

வருடியின் வரலாறு 1957-ஆம் ஆண்டிலிருந்து கூறத்தக்கது. அமெரிக்க அரசின் அளவைத் தர நிலையத்தைச் சார்ந்த ரஸ்ஸல் கிர்ஷ் என்பார், தம் கைக்குழந்தையின் நிழற்படத்தை உருளையிற் பொருத்தி ஒளியால் வருடிக் கணினியுள் ஏற்றினார். பக்கத்திற்கு 176 ஆக 30,976 புள்ளிகளே அப்படம். ஒவ்வொன்றும் கருமை அல்லது வெண்மை. 1976-ல் ரே கர்ஸ்வைல் வெளியிட்ட பொறியோ, கண்ணாடிப் பலகைமேல் வைத்த நூலைக் கண்ணிலார்க்குப் படித்தே காட்டிற்று.

வருடியைக் கணினியோடு பிணைத்தல் முன்னாளில் எளிதன்று. ஸ்கஸி என்னும் அட்டையைக் கணினியுட் பொருத்தி, வருடிக்கு எண் குறித்து, வருடியை முன்னரும் கணினியைப் பின்னரும் இயக்கவேண்டும். முறை பிறழின் கணினி அதனை அறியாது. 1996-ல் தோன்றிய யூ.எஸ்.பி. வடம் இத்தொல்லையை நீக்கிற்று. எனினும், பல வருடிகளில் விளக்குத் தண்டினைப் பிணித்துள்ள பூட்டைத் திறத்தல் மறக்கலாகாது. திறவாதார் பெறுவது நறநறவென்னும் ஒலியே. இயக்கு மென்பொருளையும் அதன் குறிப்பேடு கூறும் முறையே நிறுவுதல் வேண்டும்.

ஆயின் ஏட்டிற்கு வருடி எஞ்ஞான்றும் ஏற்றதன்று. ஏ-4 அளவுக் கண்ணாடியின் நீளம் 29.7 சென்டிமீட்டரே, அதனினும் நீண்ட ஏடுகள் பல. வளைந்து உலர்ந்த ஏட்டை மூடியால் அழுத்தின் முறியும். இருபருவ மழையும் பெறும் குமரி நாட்டின் ஈரம் தின்று எஞ்சிய ஏட்டை நம் அவசரம் அழித்தல் கொடுமையன்றோ! அத்தகையதை மேலிருந்து நிழற்படம் எடுத்தலே தக்கது. தாளிற் பெயர்த்தெழுதியவை வருடிக்கு உரியன. 1955-ல் புதுச்சேரியில் நிறுவப்பெற்ற பிரெஞ்சு நிறுவனம் சைவாகமச் சுவடிகளைத் திரட்டியதோடு, பலவற்றைத் தாளிலும் பெயர்ப்பித்தது. புதுச்சேரியிலுள்ள சைவச் சுவடித்தொகுதி 2005-ல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றது. அத்தாட்பெயர்ப்புகள் பல இன்று கணினிப் படிமங்களாக உலகெங்கும் படிக்கக் கிடைக்கின்றன.

படிமம் வேறு, பாடம் வேறு. பழைய ஏடுகளில் பெரும்பாலும் மெய்க்குப் புள்ளியில்லை. எகர ஏகார வேற்றுமையுமில்லை. ஆகலின் மெய் என்பதும் மேய என்பதும் ஓருருவாகவே நிற்கும். முன்னது உண்மை, பின்னது பொருந்திய என்னும் பொருட்டு. சித்தாந்தச் செய்யுளில் ஒன்றன் இடத்தில் மற்றொன்றைக் கொள்ளின் கருத்தே திரியும். அங்குலத்திற்கு 600 புள்ளியாக வருடினும் இவ்வையம் அகலாது. மெய் ஓரசை, மேய ஈரசை; தளை நோக்கி உரையொடு பொருத்தும் புலவரே துணிவர்.

ஈண்டுக் கருமை வெண்மை என இரு நிறத்தால் மட்டும் வருடுதல் பெருங்கேடு. ஏட்டைப் பூச்சி துளைத்த துளையும் அப்போது எழுத்தின்மேல் இட்ட புள்ளியாகவே தோன்றும்.