இதய நோய்த் தடுப்பு ஆய்வுகள், நெய்யாற்றின்கரை வட்டம்

கேரளத்தின் தென்கோடியிலுள்ள நெய்யாற்றின்கரை வட்டத்தில் நடந்த ஆய்வுச் சோதனைகள், இந்திய இதய நோய் ஆராய்ச்சி மருத்துவமனை வார்டிலிருந்து ஊர்ப்புறத்துக்கு இடம் மாறியதைக் காட்டுபவை. இவற்றுள் முதன்மையானது, 2013-இல் ஆள்சேர்ப்பைத் தொடங்கிய கேரள நீரிழிவுத் தடுப்புத் திட்டம்.

இடமும் பின்னணியும்

நெய்யாறு பாயும் இவ்வட்டம் திருவனந்தபுரம் மாவட்டத்தைச் சேர்ந்தது. கைத்தறிக்குப் பேர்போன பாலராமபுரமும் எல்லையூரான பாறசாலையும் இதன் பழைய எல்லைக்குள் உள்ளவை. பாறசாலையைத் தாண்டினால் களியக்காவிளை. அங்கே தமிழ்நாடு தொடங்கிவிடும். 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்தில் சேர்ந்தபோது நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. எல்லையோர ஊர்களில் மலையாளமும் தமிழும் கலந்தே புழங்குகின்றன.

தெற்காசியரை மாரடைப்பு இளவயதிலேயே தாக்குகிறது. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வின் தரவுகளைக் கொண்டு 2007-இல் வெளியான கட்டுரைப்படி, முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது தெற்காசியருக்கு 53. பிற நாட்டினருக்கு 58.8. நீரிழிவு உள்ளவருக்கு இதய நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு. ஆகவே இதய நோய்த் தடுப்பு நீரிழிவுத் தடுப்பிலிருந்தே தொடங்க வேண்டியிருந்தது.

கேரள நீரிழிவுத் தடுப்புத் திட்டம்

திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தின் அச்சுத மேனன் மையமும் ஆஸ்திரேலியப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் இணைந்து இத்திட்டத்தை நடத்தினர். கே. ஆர். தங்கப்பன், பிரையன் ஓல்டன்பர்க் ஆகியோர் இதன் முன்னணி ஆய்வாளர்கள். பின்லாந்தின் லாஹ்தி வட்டாரத்தில் நடந்த வாழ்முறை மாற்றத் திட்டமே இதற்கு முன்மாதிரி. அதைக் கேரளத்துச் சூழலுக்கேற்ப மாற்றியமைத்தனர்.

வட்டத்தின் 60 வாக்குச்சாவடிப் பகுதிகளைத் தேர்ந்து, குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினர். ஒரே ஊரில் பக்கத்துப் பக்கத்து வீட்டார் வெவ்வேறு பிரிவில் இருந்தால் ஒருவர் கேட்ட அறிவுரை மற்றவர் காதுக்கும் போய்விடும். அதனால்தான் தனி ஆளை விட்டுப் பகுதியை அலகாகக் கொண்டனர்.

முதற்கட்டத் தேர்வுக்கு இரத்தம் தேவைப்படவில்லை. சென்னையில் வி. மோகன் குழுவினர் 2005-இல் வெளியிட்ட இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண் நான்கே விவரங்களைக் கேட்கும்: வயது, இடுப்புச் சுற்றளவு, உடலுழைப்பு, பெற்றோருக்கு நீரிழிவு உண்டா என்பது. 50 வயதைத் தொட்டவருக்கு 30 மதிப்பெண். தாய், தந்தை இருவருக்கும் நோய் இருந்தால் 20. மொத்தம் 100-இல் 60 அல்லது அதற்கு மேல் பெற்றவர்களுக்கு அடுத்துச் சர்க்கரைச் சோதனை. வெறும் வயிற்றில் ஒருமுறையும், குளுக்கோஸ் கரைசல் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து மறுமுறையும் இரத்தம் எடுத்தனர். ஏற்கெனவே நீரிழிவு வந்துவிட்டவர்களை விலக்கி, 30 முதல் 60 வயது வரையிலான 1,007 பேரைச் சேர்த்தனர்.

ஒரு பிரிவினருக்கு நலக்கல்விக் கையேடு மட்டும் தரப்பட்டது. மறு பிரிவினர் சிறு குழுக்களாக ஓராண்டில் 15 அமர்வுகளில் கூடினர். அவற்றுள் 12 அமர்வுகளை நடத்தியவர்கள் குழுவிலிருந்தே தேர்வாகிப் பயிற்சி பெற்ற ஊர்க்காரர்கள். வீட்டுத் தோட்டம், நடைப்பயிற்சிக் குழு, யோகா ஆகியவையும் சேர்ந்துகொண்டன. மருந்து எதுவும் தரப்படவில்லை.

முடிவுகள்

2018-இல் வெளியான முடிவுகளின்படி, இரண்டாண்டு முடிவில் கையேடு பெற்ற பிரிவில் 17.1 விழுக்காட்டினருக்கும், அமர்வுப் பிரிவில் 14.9 விழுக்காட்டினருக்கும் நீரிழிவு வந்திருந்தது. இவ்வேறுபாடு தற்செயலாகவும் நேர்ந்திருக்கலாம் என்பதால் புள்ளியியல் நோக்கில் உறுதியானதன்று. ஆயினும் அமர்வுப் பிரிவினர் காய்கனி கூடுதலாக உண்டனர். மதுப் பழக்கம் குறைந்தது. அபாய மதிப்பெண்ணும் இறங்கியது. பங்கேற்றோரில் 95 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் இறுதிவரை தொடர்பில் இருந்தனர்.

இதே நோக்கில், ஆஷா எனும் ஊர் நலப் பணியாளர்களைக் கொண்டு இரத்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் சோதனையொன்று திருவனந்தபுரம், மேற்கு கோதாவரி, ரிஷி பள்ளத்தாக்கு ஆகிய மூன்று வட்டாரங்களில் நடந்தது. 2020-இல் வெளியான அதன் முடிவு வெற்றியாகவே அமைந்தது.

மருத்துவமனை ஆய்வுகள்

நெய்யாற்றின்கரை ஆய்வுக்கு முந்தைய சோதனைகள் கருவியையும் மருந்தையும் மையமாகக் கொண்டவை. சித்திரா செயற்கை இதய வால்வு 1990 டிசம்பர் 6 அன்று முதன்முதலாக நோயாளிக்குப் பொருத்தப்பட்டுப் பல மையங்களில் சோதிக்கப்பட்டது. ஐந்து மருந்துகளை ஒரே குளிகையில் அடக்கிய பாலிகேப் 2,053 பேரிடம் சோதிக்கப்பட்டு, 2009-இல் முடிவு வெளியானது. மாறாக, பின்னர் 2014 முதல் 2016 வரை கேரளத்தின் 63 மருத்துவமனைகளில் 21,374 மாரடைப்பு நோயாளிகளைக் கொண்டு நடந்த சோதனை புது மருந்து எதையும் தேடவில்லை. சரிபார்ப்புப் பட்டியலும் தணிக்கையும் சிகிச்சையை மேம்படுத்துமா என்று பார்த்தது. பிற காரணிகளைச் சரிக்கட்டிய பின் 30 நாள் விளைவுகளில் உறுதியான வேறுபாடு தென்படவில்லை.

சட்டம்

இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேடு 2007-இல் தொடங்கியது. 2009 ஜூன் 15 முதல் பதிவு கட்டாயமானது. மருந்துச் சோதனையால் பாதிக்கப்படுவோருக்கு இழப்பீடு வழங்கும் விதி 2013-இல் வந்தது; 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள், மருத்துவச் சோதனைகள் விதிகள் அதை விரிவாக்கின. பங்கேற்பாளர் காரணம் கூறாமலே எப்போது வேண்டுமானாலும் விலகலாம்.

மதிப்பீடு

ஊர்க்காரர்களே நடத்தும் சோதனையிலும் மக்கள் நிலைத்து நிற்பார்கள், பழக்கத்தையும் ஓரளவு மாற்றிக்கொள்வார்கள் என்பதை நெய்யாற்றின்கரை ஆய்வு நிறுவியது. அதனால் மாரடைப்பு குறையுமா என்று அறிய 1,007 பேரும் இரண்டு ஆண்டுகளும் போதா. அதற்குப் பன்மடங்கு பெரிய, நெடுங்காலச் சோதனை தேவை.