எண்ணிம எக்ஸ்ரேயில் நுண்முறிவு

எலும்பு விலகாமல் மயிரிழையளவு வெடித்திருப்பது நுண்முறிவு. எக்ஸ்ரே படத்தில் எளிதில் கண்ணுக்குத் தப்பிவிடும்.

கண்டி–குருநாகல் வீதியிலுள்ள கலகெதர போன்ற மலையோர ஊர்களில் மிளகு பறிக்கவோ கித்துள் சீவவோ மரமேறியவரும், மழையில் சரிவில் வழுக்கியவரும் விழும்போது கையைத்தான் ஊன்றுவார்கள். அடி மணிக்கட்டில் இறங்கும். ஆரை எலும்பின் கீழ்முனை உடைந்தால் பெரும்பாலும் படமே சொல்லிவிடும். பெருவிரலின் அடியில் இருக்கும் ஸ்கேபாயிட் என்ற சிற்றெலும்புதான் ஏமாற்றும். அதற்கு இரத்தம் விரல் பக்கமிருந்து பின்னோக்கிப் பாய்வதால், நடுவில் முறிந்து கவனிக்கப்படாவிட்டால் முன்கைப் பக்கத் துண்டு இரத்தமின்றி இறந்துபோகலாம்.

இத்தகைய மெல்லிய வெடிப்பு படத்தில் தெரியுமா என்பது கதிரைப் பதியும் உணரியின் நுணுக்கத்தையும் பொறுத்தது. எண்ணிம உணரியில் ஒரு பிக்சல் பொதுவாக 0.1 முதல் 0.2 மில்லிமீற்றர் வரை இருக்கும். ஒரு கோட்டையும் அதன் இடைவெளியையும் பிரித்துக் காட்ட இரண்டு பிக்சலாவது வேண்டும். ஆகவே 0.1 மி.மீ. பிக்சலின் உச்சம் மில்லிமீற்றருக்கு 5 கோட்டு இணை, 0.2 மி.மீ. என்றால் 2.5. கை கால்களுக்கான பழைய எக்ஸ்ரே பிலிம் இதைவிட நுணுக்கமாகவே காட்டியது. எண்ணிமப் படத்தின் பலம் வேறு: ஆயிரக்கணக்கான சாம்பல் படிகள் அதில் பதிவாகின்றன, வெளிச்சத்தையும் வேறுபாட்டையும் பிறகு மாற்றிப் பார்க்கலாம்.

பிக்சலைச் சிறிதாக்கினாலே முறிவு தெரிந்துவிடும் என்ற நம்பிக்கை தவறானது. பிக்சல் சிறுத்தால் அதில் விழும் கதிரும் குறைந்து படத்தில் புள்ளியிரைச்சல் கூடும். கதிர் புறப்படும் குவியப்புள்ளி பெரிதாக இருந்தாலும், கை உணரித் தட்டிலிருந்து விலகியிருந்தாலும் விளிம்பு மங்கும். எல்லாவற்றிலும் முக்கியம் கோணம். வெடிப்பின் தளத்தோடு ஒத்துக் கதிர் சென்றால்தான் கறுப்புக் கோடு விழும். குறுக்கே சென்றால் எத்தனை கூர்மையான உணரியிலும் ஒன்றும் தெரியாது. அதனால்தான் ஸ்கேபாயிட்டுக்கு வழக்கமாக நான்கு நிலைகளிலாவது படம் எடுக்கிறார்கள். ஒன்றில் மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் சாய்ப்பார்கள்.

திரையில் தெரியும் படத்தைத் தொலைபேசியில் பிடித்து வாட்ஸ்அப்பில் நகரத்துக்கு அனுப்பினால், பிக்சல்களும் சாம்பல் படிகளும் சுருங்கிவிடும். பெரிதாக்கிப் பார்த்தாலும் இழந்தது திரும்பாது. அவசர ஆலோசனைக்கு அது போதும். முறிவில்லை என்று தீர்ப்பதற்குப் போதாது.

படம் சுத்தமாக இருந்தும் பெருவிரல் அடிக்குழியில் அழுத்தினால் வலிக்கிறதென்றால், முறிவு இருப்பதாகவே கொண்டு கட்டுப் போட்டு, 10 முதல் 14 நாட்களில் மறுபடம் எடுப்பது வழக்கம். அதற்குள் முறிவோரத்து எலும்பு உறிஞ்சப்பட்டு, கோடு அகன்று தெரியக்கூடும். எம்.ஆர்.ஐ. முறிவைச் சில நாட்களுக்குள்ளேயே காட்டிவிடும். கலகெதரவில் இருப்பவர் அதற்குக் கண்டி போன்ற நகரமொன்றுக்குப் போகவேண்டியிருக்கும்.